தோற்க வேண்டிய ஆட்டம்

புவாபனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆங்கிலச் சொற்கள் தெரியும். அவற்றில் முப்பதுக்கு அர்த்தமும் தெரியும். அந்த முப்பதிலும் பாதி சாப்பாட்டுச் சாமான்.

தாய்லாந்தின் ரோய் எட் நகரத்துக் காலைச் சந்தையில் அவள் அரிசி நூடுல்ஸும் மீன் குழம்பும் விற்றாள். பத்து மணிக்குப் பானை காலியாகிவிடும். அதன்பின் ஸ்கிராபிள். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் பிடித்தது, ஐம்பதிலும் விடவில்லை. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் வைக்க வேண்டும். சொல் பட்டியலில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அது பறவையா பாத்திரமா என்று பலகை கேட்பதில்லை.

அடுப்புக்கு மேலே சுவர் முழுக்கத் தாள்கள் ஒட்டியிருந்தாள். இசட் இருந்தே ஆக வேண்டிய சொற்கள். இரண்டு வி வரும் சொற்கள். உயிரெழுத்தை மட்டும் வைத்துப் பிழைக்கும் சொற்கள். க்யூ இருந்தும் யூ இல்லாத சொற்கள். கை குழம்பைக் கிண்டும், வாய் எழுத்துகளை முணுமுணுக்கும். வாடிக்கைக்காரர்கள் அதை மந்திரம் என்று நினைத்தார்கள். குழம்பு நன்றாக இருந்ததால் யாரும் விசாரிக்கவில்லை.

புருஷன் அவளை விட்டுப் பட்டாயாவுக்குப் போனபோது அவள் ஜே எழுத்தில் இருந்தாள். அவன் திரும்பி வரப்போவதில்லை என்பது எக்ஸுக்கு வந்தபோதுதான் உறைத்தது.

மகள் பெயர் பிங்கோ. ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் பலகையில் வைத்தால் ஐம்பது புள்ளி கூடுதல். ஆட்டக்காரர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு இதைவிட நல்ல சொல் அவளிடம் இல்லை.

பிங்கோவுக்கு இப்போது இருபத்தேழு. பாங்காக்கில் ஓட்டல் வரவேற்பறையில் வேலை. டோபி என்ற இங்கிலாந்துக்காரனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். புவாபனுக்கு அதில் வருத்தம் எதுவுமில்லை. வருத்தமெல்லாம் தேதியில்.

டிசம்பர் எட்டு, ஒன்பது தேதிகளில் பாங்காக்கில் தேசியப் போட்டி. ரோய் எட் அணி பதினோரு வருஷத்துக்குப் பிறகு தகுதி பெற்றிருக்கிறது. அணி என்றால் இரண்டு பேர். புவாபனும், ஐஸ்கட்டிக் கடை துய்யும்.

விகாரையின் பெரிய துறவி உரக்கடை காலண்டரைப் புரட்டி முகூர்த்தம் பார்த்தார்.

"ஒன்பதாம் தேதி உத்தமம்."

"பதினாறு எப்படி சாமி?"

"பதினாறும் நல்ல நாள்தான்மா. ஆனா சம்பந்திக்கு ஊர் திரும்பற பிளைட் பன்னெண்டாம் தேதியாமே."

பிங்கோ முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கிரகங்களும் விமான டிக்கெட்டை அனுசரித்துத்தான் நகர்ந்தன.

துய் செய்தியைக் கேட்டதும் ஐஸ் அறுக்கும் ரம்பத்தைக் கீழே போட்டான்.

"அக்கா, நீ வரலேன்னா நான் தபாலாபீஸ் வின்யூவைத்தான் கூட்டிட்டுப் போகணும். அவன் பஸ் கிளம்பினதுமே வாந்தி எடுப்பான். ஆட்டத்துலயும் அதேதான் எடுப்பான்."

"எனக்கு மட்டும் ஆசையா?"

"கல்யாணம் நாளைக்கும் பண்ணலாம். அடுத்த வருஷமும் பண்ணலாம். பிங்கோ நல்லா அழகாத்தானே இருக்கா, எங்க போயிடும்?"

"உன் பொண்ணுக்கு இப்படிச் சொல்லுவியா?"

"எனக்குப் பொண்ணே இல்லயே. அதனாலதான் எனக்குப் புத்தி தெளிவா இருக்கு."

மாப்பிள்ளையின் அப்பா ரோலண்ட் முதல் தேதி வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது. உயரம். இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் ஏதோ ஊர். பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வந்த அன்றே மூக்கு சிவந்து, விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் பேசியதில் ஒரு சொல்லும் புவாபனுக்குப் பிடிபடவில்லை. எழுதிக் காட்டியிருந்தால் அத்தனையும் அடையாளம் தெரிந்திருக்கும். காதால் கேட்டுப் பழக்கமில்லை.

ஊர் திரும்பும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று பிங்கோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். நீளமாகப் பேசினார். தாடையைத் தொட்டுக் காட்டினார்.

"என்னவாம்?"

"முடியாதாம்மா. பதினாலாம் தேதி பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்காராம். அவங்க ஊர்ல எட்டு மாசம் காத்திருந்தாத்தான் கெடைக்குமாம்."

"பல்லா?"

"பல்லுதான்."

"இங்க சந்தைக்குப் பின்னாலயே மூணு பல் டாக்டர் இருக்காங்க. ஒருத்தன் ஞாயித்துக்கிழமையும் புடுங்குவான்."

"அதையும் சொன்னேம்மா. சிரிக்கிறாரு."

டோபிக்கு அப்பாவைப் பற்றித் தெரியும். மூன்றாம் தேதி காலை அவன் பிங்கோவிடம் ஒரு யோசனை சொன்னான். பிங்கோ அதை அம்மாவிடம் கொண்டுவந்தாள். புவாபன் பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவரு பொட்டியில பலகை கொண்டு வந்திருக்காரு."

"என்ன பலகை?"

"உன் பலகைதான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுல ஆடுவாங்களாம். இருபத்திரண்டு வருஷமா அவருதான் ஜெயிக்கிறாராம். நீ ஆடுவேன்னு டோபி சொல்லியிருக்கான். நாட்டுல ஆறாவது இடம்னும் சொல்லிட்டான். மனுஷன் காலையிலேருந்து நிலைகொள்ளாம இருக்காரு."

"ஆடினாப் போச்சு."

"தோக்கணும்."

புவாபன் பானையைக் கீழே வைத்தாள்.

"நல்லாத் தோக்கணும்மா. ஆனா வேணும்னு தோக்கற மாதிரித் தெரியக் கூடாது. ஜெயிச்சா மனுஷன் குளிர்ந்துபோவாருன்னு டோபி சொல்றான். ஜெயிச்ச அன்னிக்கு எது கேட்டாலும் குடுப்பாராம். சின்ன வயசுல சைக்கிள்கூட அப்படித்தான் வாங்கினானாம். அவரு சிரிக்கும்போதே பதினாறாம் தேதியைக் கேட்டு வாங்கிடலாம்."

"நான் தோத்ததில்லையா என்ன? எத்தனையோ தடவ தோத்திருக்கேன்."

"வேணும்னு தோத்திருக்கியா?"

புவாபன் பானையை மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

பதினொரு மணிக்கு வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே, மேசையைப் போட்டார்கள். ரோலண்ட் பலகையை விரித்தார். பக்கத்தில் செங்கல் கனத்துக்கு ஓர் அகராதி. அவர் வீட்டிலிருந்தே சுமந்து வந்தது. பிங்கோ ஒரு பக்கம், டோபி ஒரு பக்கம்.

புவாபன் விதிகளைச் சொல்லச் சொன்னாள். பிங்கோ மொழிபெயர்த்தாள். எதிராளி வைத்த சொல்லில் சந்தேகம் வந்தால் ஆட்சேபிக்கலாம். அகராதியில் அது இல்லையென்றால் வைத்தவர் கட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தால் ஆட்சேபித்தவருக்கு ஒரு முறை போய்விடும். ஆட்சேபிக்காமல் அடுத்த ஆள் ஆடிவிட்டால் அந்தச் சொல் நின்றது நின்றதுதான்.

ரோலண்ட் தெரியும் தெரியும் என்று கையை ஆட்டினார். பிறகு பிங்கோவைப் பார்த்து ஏதோ கேட்டார். டோபிக்கு முகம் சிவந்தது.

"என்னடி?"

"இந்த ஆட்டத்துலேருந்துதான் எனக்குப் பேரு வச்சியான்னு கேக்கறாரு. அவங்க ஊர்ல பிங்கோன்னு நாய்க்குத்தான் வைப்பாங்களாம்."

"நல்ல நாய்க்கா?"

பிங்கோ கேட்டுச் சொன்னாள். "நல்ல நாய்க்குத்தானாம்."

"அப்பச் சரி. ஆடச் சொல்லு."

ரோலண்ட் ஆடிய விதம் புவாபனுக்குப் புதிது. அவர் ஒரு சொல்லை அது தனக்குப் பிடித்திருந்ததால் வைத்தார். நிறையப் புள்ளி கிடைக்கும் சிவப்புக் கட்டம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க, மூலையில் போய் நாலு எழுத்தில் ஏதோ வைத்துவிட்டு ஆசையாகப் பார்த்தார். அவருடைய தோட்டத்தில் அந்தப் பூ இருக்கிறது என்று பிங்கோ சொன்னாள். தோட்டத்தில் இருந்தால் பலகையில் எதற்கு என்று புவாபனுக்குப் புரியவில்லை. ஆனால் தோற்க வசதியாக இருந்தது. அவள் ஐந்தும் ஆறும் எட்டுமாகப் பொறுக்கினாள். நாலு சுற்றில் அவர் அறுபது, இவள் இருபத்திரண்டு.

பிறகு அவள் கைக்கு இசட் வந்தது.

இசட் பத்துப் புள்ளி. அதை வைத்து நல்ல சொற்கள் பதினொன்று அந்த இடத்தில் பொருந்தின. பதினொன்றும் அவளைப் பார்த்தன. எதை வைத்தாலும் முன்னால் போய்விடுவாள். கட்டைகளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆறாவது இடத்துக்காரி இசட்டைத் திருப்பிப் பையில் போட்டால் குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வரும். ஒரே வழிதான் இருந்தது. இல்லாத சொல்லை வைக்க வேண்டும். அவர் ஆட்சேபிப்பார். கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு முறை வீணாகும். எல்லாரும் கௌரவமாக இருப்பார்கள்.

அவள் ஸோல்ப் என்று வைத்தாள். உலகத்தில் எந்த அகராதியிலும் அது கிடையாது. ஆனால் முப்பத்தாறு வருஷப் பழக்கம். கை அதைக் கொண்டுபோய் மூன்று மடங்குக் கட்டத்தில் வைத்துவிட்டது.

ரோலண்ட் குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். புவாபன் காத்திருந்தாள்.

அவர் மெல்லத் தலையசைத்தார். டோபியிடம் ஏதோ விளக்கினார். கையால் ஒரு வளைவு போட்டுக் காட்டினார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் புவாபன்.

பிங்கோ கொஞ்சம் தயங்கினாள். "ஸோல்பா, நல்ல சொல்லுங்கறாரு. படகுல கயித்தை மாட்டற கொக்கியாம். அவங்க தாத்தாகிட்ட ஒண்ணு இருந்துதாம்."

"தாத்தாகிட்டயா?"

"பித்தளையில பண்ணினதாம்."

நாற்பத்தைந்து புள்ளி. புவாபன் எழுதிக்கொண்டாள். தனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல்லே இல்லை என்று இருந்தவள் அவள். ஒருவேளை பட்டியலில் விட்டுப்போயிருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அவருடைய காதைப் பார்த்தாள். காது நுனி சிவந்திருந்தது. மூக்கு வெயிலில் சிவந்தது. காதுக்கு வெயில் படவில்லை.

மனுஷன் புளுகுகிறார்.

நாட்டில் ஆறாவது ஆள் வைத்த சொல்லைத் தெரியாது என்று சொல்ல, அது தன் சொந்த மொழியாக வேறு இருக்க, அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை அவள் இன்னும் பலமாகப் பொய் சொல்லத் தீர்மானித்தாள். கையில் இருந்த ஏழு எழுத்துகளையும் வந்த வரிசையில் அப்படியே தள்ளினாள். டபிள்யூவில் தொடங்கி பி-யில் முடிந்தது. வக்னார்ப் என்று வேண்டுமானால் படிக்கலாம். மாடு தும்மினால் அப்படி ஒரு சத்தம் வரும். இதை ஆட்சேபிக்காதவன் மனுஷனே இல்லை.

ரோலண்ட் வெகுநேரம் பார்த்தார். விசிறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நாலு தரம் திரும்பியது. டோபி அகராதிப் பக்கம் கையை நீட்டினான். அவர் அந்தக் கையை லேசாகத் தட்டிவிட்டார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"வடக்கத்திப் பேச்சாம்," என்றாள் பிங்கோ. "அவங்க பக்கம் புழக்கம் இல்லையாம்."

இரட்டிப்புக் கட்டம் வேறு. ஏழு கட்டைகளும் வைத்ததற்கு ஐம்பது. மொத்தம் எழுபத்தாறு.

பிங்கோ மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள்.

"அம்மா, என்ன பண்றே? தோக்கச் சொன்னா என் பேரையே வைக்கிறியே!"

"தோத்துக்கிட்டுத்தான்டி இருக்கேன்."

"நூத்தி நாப்பத்து மூணா?"

"நான் என்ன பண்றது? எதை வச்சாலும் அவருக்கு அர்த்தம் தெரியுது."

அந்த நேரம் பார்த்து துய் ஐஸ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். மூட்டையை இறக்காமலே பலகையைப் பார்த்தான். தண்ணீர் அவன் முதுகில் ஒழுகியது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே படித்தான்.

"அக்கா, இது என்ன கருமம்?"

"வாயை மூடு."

"இல்ல, எனக்குத் தெரியாத சொல்லா இருக்கே. நானும் முப்பது வருஷமாப் படிக்கிறேன். தலைகீழாப் பார்த்தாலும் தேறலயே."

"வடக்கத்திப் பேச்சு."

"எந்த வடக்கு? சியாங் மாயா?"

"துய், ஐஸை வச்சுட்டுக் கிளம்பு. நான் தோத்துக்கிட்டிருக்கேன்."

துய் புள்ளிக் கணக்கைப் பார்த்தான். புவாபனைப் பார்த்தான். மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"இந்த மாதிரித் தோல்வியை நான் பார்த்ததே இல்ல. முடியற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

ரோலண்ட் அவனைப் பார்த்து மரியாதையாகத் தலைகுனிந்தார். அவனும் கைகூப்பினான். அவன் என்ன சொன்னான் என்று அவர் கேட்க, நீங்கள் நன்றாக ஆடுவதாகச் சொன்னான் என்றாள் பிங்கோ. கல்யாணம் ஆகாமலே அந்தக் குடும்பத்துக்கு அவள் நன்றாகப் பொருந்தினாள்.

புவாபன் உத்தியை மாற்றினாள். பொய் இனி உதவாது. உண்மையிலேயே இருக்கிற சொற்களாக, சின்னச் சின்னதாக, மூன்றுக்கும் நான்குக்கும் வைத்தாள். அவருக்கு முன்னால் சிவப்புக் கட்டங்களைத் திறந்துவிட்டாள். வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, விளக்கும் போட்டு, திருடா வா என்று கூப்பிடுவதைப் போலத் திறந்துவிட்டாள். ரோலண்ட் இரண்டு முறை கவனிக்காமல் போனார். மூன்றாம் முறை உள்ளே வந்தார்.

ஏழு கட்டைகளோடு வந்தார். தோட்டங்கள் என்ற சொல்லாம்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். டோபியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிங்கோவின் கையைக் குலுக்கினார். ஐஸ் மூட்டை வரை போய்த் துய்யின் ஈரக் கையையும் குலுக்கினார். இருபத்திரண்டு கிறிஸ்துமஸில் இது முதல் தடவை என்றாள் பிங்கோ. புவாபனுக்கும் சந்தோஷமாக இருந்தது. பொய்யில்லாத சந்தோஷம். முதல் பிங்கோ எவருக்கும் அப்படித்தான். அவள் தன்னுடையதை நினைத்துப் பார்த்தாள். அதைவிட, இப்போது அவர் முப்பத்தெட்டுப் புள்ளி முன்னால்.

பை காலி. அவர் கட்டைகளை அடுக்கியிருந்த தாங்கியில் இன்னும் மூன்று. அவை எவை என்று அவளுக்குத் தெரியும். நூறில் தொண்ணூற்றேழு கண்ணுக்கு முன்னால் இருந்தால் மீதி மூன்றைக் கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும். டி, ஐ, எம். அவற்றை வைக்க அவருக்கு இடமும் இருந்தது. வைத்தால் ஆட்டம் முடிந்தது.

அவளிடம் ஐந்து கட்டைகள். க்யூ, ஏ, என், டி, ஈ.

பலகையின் ஓரத்தில் தனியாக ஓர் ஏ நின்றது. அதைச் சேர்த்தால் கனாட். க்யூவில் தொடங்கும், யூ கிடையாது. அடுப்புக்கு மேலே நாலாவது தாளில் மூன்றாவது வரி. மூன்று மடங்குக் கட்டம் வரை போகும். நாற்பத்திரண்டு புள்ளி.

அவள் வைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டாள். இதை வைத்தால் நாலு புள்ளி முன்னால் போவாள். அடுத்து அவர் தம் மூன்று கட்டைகளை வைத்து முடிப்பார். அவளிடம் மிஞ்சும் ஈயைக் கழித்துக் கூட்டினால் ஏழு புள்ளியில் அவர்தான் ஜெயிப்பார். ஏழு என்பது நல்ல தோல்வி. கஷ்டப்பட்டுத் தோற்றது மாதிரி இருக்கும். அப்படித் தோற்றுக்கொண்டே கையில் இருக்கும் க்யூவை ஒழுங்காக ஒரு சொல்லில் வைத்துவிட்டும் போகலாம்.

வைத்தாள். மனசு நிறைந்திருந்தது.

ரோலண்ட் தாங்கியிலிருந்து டியை எடுத்தார். கை பாதியில் நின்றது. டியைத் திரும்ப வைத்தார். பலகையைப் பார்த்தார். முகம் மாறியது. காலையிலிருந்து தாத்தாவின் கொக்கியையும் வடக்கத்திக்காரர்களையும் சுமந்த மனுஷன். ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு முறை. அதற்குள் இவள் தன்னை ஏமாற்றப் பார்க்கிறாள். அவர் மேசையில் விரலால் தட்டினார்.

பிங்கோ மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆட்சேபணை.

"ஐயோ," என்றாள் புவாபன். "வேண்டாம்னு சொல்லுடி."

"எப்படிம்மா சொல்றது?"

"வைக்கச் சொல்லு. கையில இருக்கறதை வைக்கச் சொல்லு. ஜெயிச்சிடுவாரு."

"அவரு கையில இருக்கறது உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாரே?"

துய் ஐஸ் மூட்டையிலிருந்து எழுந்துவிட்டான்.

டோபி அகராதியைத் திறந்தான். புரட்டினான். விரலை வைத்துக் கீழே வந்தான். நின்றான். அப்பாவிடம் திருப்பிக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"இருக்குதாம்மா," என்றாள் பிங்கோ.

"இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"பாலைவன ஊர்கள்ல மண்ணுக்கடியில தண்ணி ஓடற வாய்க்காலாம்."

"இவ்வளவுதானா?" முப்பது வருஷமாக அந்தச் சொல்லைப் பற்றி அவள் வேறு மாதிரி நினைத்திருந்தாள். என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் வாய்க்காலாக இல்லை.

அவர் முறை போயிற்று. அவள் முறை. மிச்சமிருந்த ஈயை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதை வைக்காமல் இருக்கத் துய்யின் முன்னால் அவளால் முடியாது. வைத்தாள். ஆட்டம் முடிந்தது. ரோலண்டின் கையில் மாட்டிக்கொண்ட மூன்று கட்டைகளின் மதிப்பும் இரட்டிப்பாகி அவளுக்கே வந்தது. பத்தொன்பது புள்ளியில் ஜெயித்தாள்.

டோபி அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு கடைசிப் பக்கங்களுக்குத் திருப்பினான். இசட்டைத் தேடுகிறான்.

புவாபன் அகராதியின் மேல் கையை வைத்தாள். வைத்த பிறகுதான் பார்த்தாள், இன்னொரு கை ஏற்கெனவே அங்கே இருந்தது. பெரிய, சிவந்த, நரைமுடி படர்ந்த கை. இரண்டு கைகளும் சேர்ந்து அகராதியை மூடின.

"அடுத்த ஆள் ஆடினப்புறம் அகராதியில பார்க்கக் கூடாது," என்றாள் புவாபன். "விதி."

பிங்கோ மொழிபெயர்த்தாள். ரோலண்ட் பலமாகத் தலையாட்டினார். விதி, விதி. அவர் புவாபனை நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள். காது நுனி இன்னும் சிவப்பாகவே இருந்தது.

பிறகு அவர் கட்டைகளைப் பைக்குள் வாரிப் போட்டார். பையைக் குலுக்கினார். ஏதோ சொன்னார். குரலில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

"இன்னொரு ஆட்டம் வேணுமாம். இப்பவே. இல்லேன்னா நாளைக்குக் காலையில."

புவாபன் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவருடைய கையைக் கவனித்தாள். பையை விடாமல் குலுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் குலுக்கலை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். ஐஸ்கடை மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் ஜெயித்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்புவார்கள். தோற்றவர்கள்தான் பையைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், வீட்டிலிருந்து ஆள் வந்து இழுத்துப் போகும் வரை. பிங்கோவுக்கு இது தெரிய நியாயமில்லை. டோபி சைக்கிள் வாங்கியவன், அவனுக்கும் தெரியாது. தனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லு," என்றாள்.

"அம்மா!"

"எட்டும் ஒம்பதும் போட்டி. அதுவரைக்கும் வெளியாளோட ஆடறதில்ல. துய்கூட மட்டும்தான் பயிற்சி."

"ஒம்பதாம் தேதி கல்யாணம்மா. நீ எந்தப் போட்டிக்குப் போகப் போறே?"

"கல்யாணம்னா நான் பொண்ணோட அம்மா. அதுவரைக்கும் பந்தல், சமையல், அழைப்பு. அப்புறம் பத்தும் பதினொண்ணும் சொந்தக்காரங்க, விகாரை, விருந்து. பன்னெண்டாம் தேதி அவரு பிளைட் ஏறிடுவாரு. ஆட்டத்துக்கு எங்க நேரம்? அவரு தோத்தவராவே ஊருக்குப் போகட்டும்."

"இதை இப்படியே சொல்லவா?"

"கடைசி வரியை மட்டும் கொஞ்சம் மரியாதையாச் சொல்லு."

பிங்கோ சொன்னாள். கடைசி வரியை மரியாதையாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. ரோலண்ட் பையைக் குலுக்குவதை நிறுத்தினார்.

"இன்னொண்ணும் சொல்லு," என்றாள் புவாபன். "கல்யாணம் பதினாறுன்னா பத்துலேருந்து பதினஞ்சு வரைக்கும் எனக்கு வேலை இல்ல. சந்தை முடிஞ்சதும் தினம் ஒரு ஆட்டம். மொத்தம் ஆறு."

"அக்கா, நீ மனுஷியே இல்ல," என்றான் துய், பரம திருப்தியாக.

ரோலண்ட் விரல்விட்டு எண்ணினார். ஆறு. நாக்கால் தாடைக்குள் இருந்த பல்லைத் தடவிப் பார்த்தார். கன்னம் உப்பி, இறங்கியது. விசிறி இரண்டு சுற்றுத் திரும்பியது. அவர் டோபியிடம் ஒரே சொல் சொன்னார். அது விமானக் கம்பெனியின் பெயர் என்று புவாபனுக்குக்கூடப் புரிந்தது.

டோபி போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள் போல. அப்படியே நடந்துகொண்டிருந்தான். துய் தன் போனை எடுத்து, பஸ்ஸில் இரண்டு சீட்டு போடச் சொல்லி யாரிடமோ கத்தினான். வின்யூவுக்கு வேண்டாம், அவன் வரவில்லை என்றும் சொன்னான்.

ரோலண்ட் பிங்கோவைக் கூப்பிட்டு மெதுவாக ஒன்று கேட்டார். பிங்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"அவரும் பாங்காக் வரலாமான்னு கேக்கறாரு. போட்டி பார்க்க."

"வரட்டும். பேசாம உக்காரணும். யாருக்கும் அர்த்தம் சொல்லக் கூடாது."

"அதைச் சொல்லவா?"

"சொல்லு."

பிங்கோ சொன்னாள். அவர் தோள் குலுங்க, மூக்கு இன்னும் சிவக்க, சிரித்தார்.

புவாபன் நாளைச் சந்தைக்கு அரிசி ஊறப்போட எழுந்தாள். பிங்கோ பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, அந்த ஆறுல ஒண்ணாவது விட்டுக்குடும்மா. வயசான மனுஷன்."

"நான் மட்டும் என்ன, குமரியா?"

"ஒண்ணே ஒண்ணு."

"இன்னிக்கு முழுக்க அதுக்குத்தான்டி பாடுபட்டேன்," என்றாள் புவாபன். "அவரு விட்டாத்தானே?"